ஏஜென்சி சொல்லும் தொகையும் உங்கள் கைக்கு வரும் தொகையும்

வாசகர் கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் குலசேகரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். பெங்களூருவில் எட்டு ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பொறியாளராக வேலை பார்த்தேன். கடைசியாக நிறுவனம் எனக்குச் செலவிட்ட மொத்தத் தொகை ஆண்டுக்கு 9,60,000 ரூபாய். அம்மா கீழே விழுந்து நடக்க முடியாமல் ஆனதால் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அப்பா ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். இப்போது ஓர் ஏஜென்சி மூலமாக, வீட்டிலிருந்தே செய்யும் ஓராண்டு ஒப்பந்தப் பணி வந்திருக்கிறது. கிளையன்ட் நிறுவனத்தின் நேர்காணலிலும் தேறிவிட்டேன். மாதம் 90,000 ரூபாய் தருவதாகவும், அதில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பதாகவும், கிளையன்ட் பணம் செலுத்திய 30 நாள்களுக்குள் எனக்குத் தருவதாகவும் சொல்கிறார்கள். ஏஜென்சி 7 நாள் நோட்டீஸில் என்னை நிறுத்தலாம், நான் 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து 2 ஆண்டுகள் அந்த கிளையன்டிடம் நேரடியாகச் சேரக் கூடாதாம். அங்கே வேலை செய்யும் பழைய தோழி ஒருத்தி, என் இடத்துக்காக ஏஜென்சிக்கு மாதம் 1,45,000 ரூபாய் போவதாகச் சொல்கிறாள். இது மோசடி இல்லையா? நான் எவ்வளவு கேட்கலாம்? நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாகர்கோவிலில் ஆடிட்டராக இருக்கும் என்னிடம், ஊரிலிருந்தபடியே வெளியூர் நிறுவனங்களுக்கு வேலை செய்யும் பிள்ளைகள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் அதற்கு முன்பே கேட்டிருப்பது எனக்கு மிகுந்த நிம்மதி தருகிறது, ஏனெனில் இனிமேல் நான் சொல்லப்போகும் அனைத்தும் கையெழுத்துக்கு முன்பு மட்டுமே பயன்படக்கூடியவை.

முதலில் உங்களை மிகவும் உறுத்தும் அந்த 55,000 ரூபாயைப் பார்த்துவிடுவோம். கிளையன்ட் தரும் தொகைக்கும் உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகைக்கும் இடையே 38 சதவீதம் இருப்பது அதிகம்தான், ஆனாலும் அது மோசடி ஆகாது. கிளையன்டைத் தேடிப் பிடிப்பதும், கிளையன்ட் இரண்டு மூன்று மாதம் கழித்துப் பணம் தந்தாலும் வேலை செய்தவருக்கு மாதா மாதம் கொடுப்பதும், நடுவில் ஆள் விலகினால் மாற்று ஆள் தருவதும் ஏஜென்சியின் வேலை. அந்த வேலைக்கும் முதலுக்கும்தான் அவர்கள் இடைத்தொகையை எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள கோளாறு வேறோர் இடத்தில் இருக்கிறது. கிளையன்ட் தந்த பிறகுதான் உங்களுக்குத் தருவோம் என்று எழுதியிருப்பதால், காத்திருக்கும் சுமை ஏஜென்சியின் தோளிலிருந்து உங்கள் தோளுக்கு இறங்கிவிட்டது. சுமையை நீங்கள் தூக்க, அதற்கான கூலியை அவர்கள் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. நீங்கள் பேச வேண்டிய பொருள் இதுதான்.

தோழி சொன்ன 1,45,000 ரூபாயைப் பேச்சில் எடுக்கவே எடுக்காதீர்கள். அதை யார் சொன்னார்கள் என்று தேடினால் அவருடைய வேலைக்கு ஆபத்து. மேலும், அவர்களுடைய வருமானத்தைக் காட்டி நீங்கள் கேட்டால் பேச்சு அவர்களுடைய செலவுகளைப் பற்றித் திரும்பிவிடும், அங்கே உங்களிடம் ஆதாரம் எதுவும் இருக்காது. பேரம் பேச இடம் இருக்கிறது என்று மனத்துக்குள் தெரிந்துகொள்வதற்கு மட்டும் அந்தத் தகவலை வைத்துக்கொண்டு, உங்கள் பக்கத்துக் கணக்கிலிருந்து பேசத் தொடங்குங்கள்.

அந்தக் கணக்கு உங்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதுதான். அப்பா ரப்பர் ஷீட்டைக் கடைக்கு எடுத்துச் செல்லும் முன், கோட்டயத்து ரப்பர் வாரியம் வெளியிடும் ஆர்எஸ்எஸ் 4 என்ற தர ஷீட்டின் அன்றைய விலையைப் பார்க்காமல் போயிருக்க மாட்டார். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஈரம் இல்லை என்று காட்டுவதும், வாரிய விலைக்கும் கடைக்காரர் தரும் விலைக்கும் எத்தனை ரூபாய் வித்தியாசம் இருக்கலாம் என்று மனத்தில் ஓர் அளவு வைத்திருப்பதும் நம் மேற்குப் பகுதிகளில் எல்லா விவசாயிகளுக்கும் கைவந்தவை. அதைவிட முக்கியமாக, தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆண்டின் 365 நாளும் பால் வெட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். வெட்டிய நாள்களின் வருமானத்தில்தான் வெட்டாத நாள்களின் சாப்பாடும் அடங்க வேண்டும். ஒப்பந்தப் பணிக்குச் சம்பளம் கேட்பவர் மறந்துவிடுவது இதைத்தான்.

ஓர் ஆண்டில் சனி, ஞாயிறு 104 நாள்களைக் கழித்தால் 261 வேலை நாள்கள். நிரந்தர ஊழியராக இருந்தபோது பண்டிகை விடுமுறைக்கும், காய்ச்சல் வந்து படுத்த நாளுக்கும், ஊருக்கு வந்து போன நாளுக்கும் சம்பளம் நிற்கவில்லை. இனி அவை எல்லாம் சம்பளம் இல்லாத நாள்கள். பொது விடுமுறைக்கு 12, உடல்நலக் குறைவுக்கும் வீட்டுத் தேவைக்கும் 15, ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரையுள்ள இடைவெளிக்கு ஆறு வாரங்கள் என்று வைத்து அதன் 30 வேலை நாள்கள், புதிய கருவிகளைக் கற்கவும் நேர்காணலுக்கும் 4 என்று எடுத்துக்கொண்டால், மீதம் இருப்பது சரியாக 200 நாள்கள். அம்மாவின் நிலையை நினைத்தால் அந்த 15 நாளைக்கூட நீங்கள் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கலாம், அதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன்.

இப்போது செலவுகள். முன்பு நிறுவனமே எடுத்துத் தந்த குடும்ப மருத்துவக் காப்பீட்டை இனி நீங்கள் வாங்க வேண்டும். மடிக்கணினி தேய்மானம், இரண்டாவது இணைய இணைப்பு, இன்வெர்ட்டர் பேட்டரி, கணக்கு எழுதும் கட்டணம் என்று வரிசையாக வரும். குலசேகரம் பக்கம் காற்றடித்தால் ரப்பர் கிளை கம்பியில் விழுந்து மின்சாரம் நிற்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. நாள் கூலியில் வேலை செய்பவருக்கு அந்த நாள்கள் அத்தனையும் இழப்பு. இவற்றுக்கெல்லாம் ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் என்று வைப்போம்.

உங்கள் பழைய நிலையிலேயே நிற்பதற்கு 9,60,000 ரூபாயும் இந்த 1,00,000 ரூபாயும் சேர்ந்து 10,60,000 ரூபாய் வேண்டும். அதை 200 நாளால் வகுத்தால் நாளுக்கு 5,300 ரூபாய். மாதம் 21 வேலை நாள் என்றால் 1,11,300 ரூபாய். இது உங்கள் அடிவிலை, இதற்குக் கீழே போனால் பெங்களூருவில் வாங்கியதைவிடக் குறைவாக வாங்குகிறீர்கள் என்று பொருள். ஏஜென்சி சொல்லும் 90,000 ரூபாயை இதே முறையில் பாருங்கள். நாளுக்கு ஏறத்தாழ 4,286 ரூபாய், 200 நாளுக்கு 8,57,000 ரூபாய், செலவு போக 7,57,000 ரூபாய். மாதத்துக்குப் பத்தாயிரம் கூடுதலாகத் தோன்றிய ஒன்று, ஆண்டுக்கு இரண்டு லட்சம் குறைவாக முடிகிறது.

ஆகவே நாளுக்கு 6,000 ரூபாய் என்று கேளுங்கள். 5,300 ரூபாய்க்குக் கீழே இறங்காதீர்கள். மாதச் சம்பளமாகப் பேசாமல் நாள் கணக்கில் பேசுவது நல்லது, ஏனெனில் மாதத் தொகை என்றால் எடுத்த விடுப்புக்கு எப்படிக் கழிப்பது என்பதில் பின்னால் சண்டை வரும். வேலை செய்த நாள்களைக் குறிக்கும் உங்கள் டைம்ஷீட்டுக்கு எந்த மேலாளர் ஒப்புதல் தருவார், எத்தனை நாளுக்குள் தருவார், அவர் விடுப்பில் போனால் யார் தருவார் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புதல் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, கூலி கேட்டு அனுப்பும் பில்லான இன்வாய்ஸை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

வரியைப் பற்றிய ஒரு பேச்சும் உங்கள் காதுக்கு வந்திருக்கும், வராவிட்டால் இனி வரும். கன்சல்டன்டாக இருந்தால் வரி மிச்சம், அதனால் தொகை குறைந்தாலும் பரவாயில்லை என்பார்கள். தகவல் தொழில்நுட்பத் தொழில் செய்வோர், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம் என்று 44ஏடிஏ என்ற பிரிவு எண்ணால் பலரும் அறிந்துள்ள சலுகை உண்மைதான். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு 75 லட்சம் ரூபாய் வரவு வரை அது பொருந்தும். ஆனால் 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கே வரி இல்லாதபோது, 9,60,000 ரூபாயில் ஊழியராக இருந்தாலும் நீங்கள் வரி கட்ட வேண்டியிருக்காது. இல்லாத வரியை மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லி விலையைக் குறைப்பதை ஏற்காதீர்கள்.

டிடிஎஸ் பிடிப்பது சட்டப்படி சரியே. அந்தப் பணம் போய்விடவில்லை, கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும். ஆனால் திரும்ப வரும்வரை மாதம் 9,000 ரூபாயோ அதற்கு மேலோ உங்கள் கையில் இருக்காது. பிடித்த தொகையை அவர்கள் அரசுக்குக் கட்டியிருக்கிறார்களா என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருமான வரி இணையதளத்தில், 26ஏஎஸ் என்ற பெயரில் பலரும் அறிந்துள்ள உங்கள் வரிப்பிடித்த விவரப் படிவத்தில் பார்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் எடுப்போம் என்று அவர்கள் சொன்னால், சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, வேறு மாநிலத்துக்கு வேலை செய்தாலும் பதிவு கட்டாயம் இல்லை என்று சொல்லுங்கள். நீங்களாகவே பதிவு செய்தால், பேசிய விலைக்கு மேலேதான் 18 சதவீதம் சேர வேண்டும், விலைக்குள் அதை அடக்கக் கூடாது.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கருங்கல் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பிளாஸ்டிக் கோப்புக்குள் ஆறு இன்வாய்ஸ்கள், பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து நான்காக மடித்தவை. ஒவ்வொன்றிலும் தொகை இருந்தது, வங்கிக் கணக்கு எண் இருந்தது, பணம் எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்ற வரி மட்டும் எதிலும் இல்லை. ஏஜென்சியைக் கேட்டபோதெல்லாம் கிளையன்ட் தரவில்லை என்றே பதில் வந்திருக்கிறது. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. மனைவியின் வளையலை அடகு வைத்து வட்டி கட்டிக்கொண்டிருந்த அவர், நல்ல விலை பேசிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் மற்றதைப் படிக்கவில்லை என்றார். பணத்தில் ஒரு பகுதி வந்தது, முழுதும் வரவில்லை.

உங்கள் ஒப்பந்தத்தை நாள்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஜனவரி வேலைக்கு ஜனவரி 31 அன்று இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள். கிளையன்ட் 60 நாள் எடுத்துக்கொண்டால் ஏப்ரல் தொடக்கம். அதற்கு மேல் 30 நாள் என்றால் மே தொடக்கம். முதல் ரூபாயைப் பார்ப்பதற்குள் நான்கு மாதம் உழைத்து முடித்திருப்பீர்கள், அவர்கள் சொன்ன தொகையிலேயே 3,60,000 ரூபாய் வெளியே நிற்கும். அம்மாவின் மருந்துச் செலவு அதுவரை காத்திருக்காது.

இதற்குச் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது, நம் பிள்ளைகளில் பலர் அதைத் தட்டுவதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், சேவை செய்யும் தனிநபருக்கும் பொருந்தும். மத்திய அரசின் உத்யம் என்ற பதிவு இணையதளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் கொண்டு கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் இருக்கின்றன, அவற்றில் விழுந்துவிடாதீர்கள். வழி தெரியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். பதிந்தவரிடம் வேலை வாங்கியவர், எழுத்தில் எந்தக் காலக்கெடு இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும், எழுத்தில் கெடுவே இல்லையென்றால் 15 நாள்களுக்குள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஒரு கட்டுப்பாடு வந்துவிட்டதால், ஏஜென்சிகளின் கணக்காளர்களே இப்போது இதைக் கவனிக்கிறார்கள். வேலை தொடங்கிய பிறகு பதிந்தால் பழைய இன்வாய்ஸ்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்று வழக்காட வேண்டியிருக்கும். அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல், கையெழுத்துக்கு முன் பதிந்து, பதிவு எண்ணை ஒப்பந்தத்திலும் ஒவ்வோர் இன்வாய்ஸிலும் எழுதுங்கள்.

ஆகவே பேசும்போது இரண்டு வழிகளை அவர்கள் முன் வையுங்கள். இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள், கிளையன்ட் தந்தாலும் தராவிட்டாலும் பணம் வருமென்றால் உங்கள் விலையில் கொஞ்சம் இறங்கி வரலாம், 5,600 ரூபாய் வரை என்று நான் சொல்வேன். அது முடியாது, 45 நாள் வரை ஆகும் என்றால் 6,000 ரூபாயிலேயே நில்லுங்கள். கிளையன்ட் தந்த பிறகுதான் என்ற வரியை மட்டும் எந்த விலைக்கும் ஏற்காதீர்கள். காத்திருக்கும் பொறுப்பு உங்களுடையதா என்னுடையதா, என்னுடையது என்றால் உங்கள் இடைத்தொகை எதற்காக என்று பணிவாகவே கேட்கலாம். இதற்கு அவர்களிடம் எளிதில் பதில் இருக்காது.

நோட்டீஸ் விஷயத்தில் 7 நாளுக்கு 60 நாள் என்பது நியாயமே இல்லை. இரு பக்கமும் 30 நாள் என்று திருத்தச் சொல்லுங்கள். அவர்கள் முன்னதாகவே நிறுத்தினால் 30 நாள் கூலி தர வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் தவறால் வரும் எந்த நஷ்டத்துக்கும் வரம்பின்றி நீங்களே பொறுப்பு என்ற வரி இருந்தால், வாங்கிய கூலியின் அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்று மாற்றச் சொல்லுங்கள்.

2 ஆண்டுத் தடையைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒருவர் தம் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது என்பதே நம் நீதிமன்றங்களின் நெடுநாள் நிலை. ஒப்பந்தம் நடக்கும்போது தடை செல்லும். இன்னொன்றையும் யோசியுங்கள். ஏஜென்சியின் ஆளை நேரடியாக எடுக்க மாட்டோம் என்று கிளையன்டும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கக்கூடும், அது கிளையன்டைக் கட்டுப்படுத்தும். உங்களை அறிமுகம் செய்தவர்களை நடுவிலேயே தாண்டிப் போவது எனக்கும் உடன்பாடில்லை. தடையை 6 மாதமாகக் குறைக்கக் கேளுங்கள். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் இதற்காக மட்டும் வேலையை விட வேண்டாம்.

நாளைக்குள் பதில் வேண்டும் என்ற மிரட்டலைப் பற்றிச் சொல்கிறேன். நேர்காணலில் தேறும்வரை பேரம் பேச உங்களுக்குப் பலம் இல்லை. தேறிய பின் கிளையன்டுக்கு வேண்டியது நீங்கள்தான். புது ஆளைத் தேடி, மறுபடி நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்க வாரங்கள் ஆகும், அதற்குள் அந்த இடமே வேறோர் ஏஜென்சிக்குப் போகலாம் என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதற்காக அவர்களைக் காக்க வைக்காதீர்கள், நாளையே பதில் சொல்லுங்கள், ஆனால் உங்கள் கணக்கோடு சொல்லுங்கள். முந்தைய சம்பளச் சீட்டைக் கேட்டால், ஊழியர் சம்பளமும் ஒப்பந்த விலையும் ஒன்றல்ல என்று சொல்லித் தவிர்க்கலாம். அசல் சான்றிதழையோ முன்பணத்தையோ கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள். இந்த வேலைக்கே வேறோர் ஏஜென்சி உங்கள் ரெஸ்யூமேயைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஒரே பெயர் இரண்டு வழியாக வந்தால் கிளையன்ட் இரண்டையும் தள்ளிவிடும் வழக்கம் உண்டு.

தொலைபேசியில் பேசினாலும் அன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘இந்தப் பணியில் எனக்கு விருப்பம் உண்டு. நாளுக்கு 6,000 ரூபாய், மாதம் ஒரு இன்வாய்ஸ், கிளையன்டின் பணத்தோடு தொடர்பின்றி இன்வாய்ஸ் தேதியிலிருந்து 45 நாளுக்குள் பணம், இரு பக்கமும் 30 நாள் நோட்டீஸ். இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பணம் என்றால் 5,600 ரூபாய்க்குச் சம்மதம். திருத்திய ஒப்பந்தம் கிடைத்ததும் கையெழுத்திட்டு அனுப்புகிறேன்.’ அனுப்பிய பிறகு அவர்கள் பேசும்வரை நீங்களாகக் கூப்பிட்டு விலையைக் குறைக்காதீர்கள், அந்த ஒன்றிரண்டு நாள் மௌனத்தில்தான் பலரும் தங்கள் அடிவிலையை இழக்கிறார்கள்.

அவர்கள் தங்கள் ஊழியராகவே உங்களைச் சேர்த்துக்கொள்வதாக மாற்று யோசனை சொன்னால், அதையும் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு ஆகியவை உண்டென்றால் அடிவிலைக் கணக்கு மாறும். நிறுவனத்தின் 12 சதவீத வைப்பு நிதிப் பங்கையும் உங்கள் தொகைக்குள்ளேயே கழிக்கிறார்களா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். அப்படி ஒரு யோசனை வந்தால் சம்பளப் பட்டியலின் பிரிவுகளோடு மறுபடி எழுதுங்கள், உங்களுக்காக அந்தக் கணக்கையும் போட்டுத் தருகிறேன்.